களவா மீன் மாட்டியதும் பாறைப் பொந்துக்குள் போய்விடுகிறது. எப்படி வெளியே எடுப்பது? பெரிய மீனாகப் பார்த்துப் பிடிக்கலாமா?

முதலில், இழுக்காதீர்கள். தூண்டில் நரம்பைத் தளர்த்திவிட்டுச் சும்மா இருங்கள்.

களவா துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை. பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், தன் பொந்து வாசலிலேயே கிடக்கும். இரை கிட்ட வந்ததும் சட்டென வாயைத் திறக்கும். உள்ளே பாய்கிற தண்ணீரோடு இரையும் போய்விடும். விழுங்கிய கையோடு பொந்துக்குத் திரும்பும். உள்ளே போய்ச் செவுள் மூடியை விரித்து முதுகு முட்களை நிமிர்த்திக்கொண்டால் ஆப்பு அடித்த மாதிரிதான், இழுக்க இழுக்க இறுகும். ஆரம்பத்தில் நானும் மல்லுக்கட்டி, அறுந்த நரம்பைத்தான் மேலே எடுத்திருக்கிறேன். பாறையில் உரசிய நுனி விரலுக்குச் சொரசொரவென்று தட்டுப்படும்.

தளர்த்திவிட்டால் சில நிமிடங்களில் முட்களை மடக்கிக்கொண்டு தானே வெளியே வரப் பார்க்கும். நரம்பு மெல்ல நகர்வது விரலில் தெரியும். அப்போது விடாமல் இழுத்து, பாரைவிட்டு இரண்டு மூன்று ஆள் உயரம் தூக்கிவிட வேண்டும். சில மீன் கடைசிவரை வராது, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு வேடிக்கை: பொந்தில் ஒளிந்த இரையைக் களவாவாலும் எடுக்க முடியாது. செங்கடலில் ஒரு வகைக் களவா, பாம்பு போல் நீண்ட உடல் கொண்ட அஞ்சாளை மீனின் முன்னால் போய்த் தலையை ஆட்டி வேட்டைக்குக் கூப்பிடுவதை 2006-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அஞ்சாளை சந்துக்குள் நுழையும். பயந்து வெளியே ஓடி வருவது களவாவுக்கு.

பெரியதாகப் பார்த்துப் பிடிப்பது பற்றி: வேண்டாம் என்பேன். பெரும்பாலான களவா இனங்கள் பெண்ணாகப் பருவமடைந்து, சில வருடங்கள் கழித்து ஆணாக மாறுகின்றன. ஆக, பாரில் இருக்கிற பெரிய மீன்களில் அதிகமும் ஆண்தான். அவற்றையே பொறுக்கி எடுத்தால் முட்டை இருக்கும், அதைக் கருவாக்க ஆள் இருக்காது. குட்டி மீனோ ஒருமுறைகூட முட்டை இட்டிருக்காது. நான் நடுத்தர மீனோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பல இனங்கள் முழுநிலவை ஒட்டி ஒரே இடத்தில் கூடித்தான் முட்டையிடும். கரீபியக் கடலின் நசாவு களவா அப்படிக் கூடிய இடங்களிலேயே அள்ளப்பட்டுத்தான் அருகிப்போனது. முழுநிலவை ஒட்டிய அந்த நாட்களில் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிடுங்கள்.

பெரியது மாட்டிவிட்டால் திரும்ப விடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்த மீனுக்குக் காற்றுப்பை உப்பி, இரைப்பை வாய்வழியே பிதுங்கி நிற்கும். அதையே காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறவர்கள் உண்டு. குத்தாதீர்கள், அப்படியே கடலில் போடவும் வேண்டாம். வயிறு மேலாக மிதக்கும். எதிர்முள்ளை (முனையருகே பின்னோக்கி நிற்கும் சிறு கூரை) நசுக்கிய ஒரு பெரிய தூண்டில் முள்ளின் வளைவில் நரம்பையும், வழக்கமாக நரம்பு கட்டும் துளையில் ஈயக்குண்டையும் கட்டி, மீனின் உதட்டில் மாட்டி இறக்குங்கள். ஆழம் கூடக் கூட உள்ளே இருக்கும் காற்று சுருங்கிவிடும். அடியில் போனதும் ஒரு சுண்டு சுண்டினால் முள் கழன்று வரும்.