அடுத்த படத்துக்கும் உட்காருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த எங்கள் பகுதித் தியேட்டரை மறுபடி திறந்திருக்கிறார்கள். நண்பர்கள் சேர்ந்து எடுக்கும் சுயாதீனப் படத்தை அங்கேதான் முதலில் திரையிட ஆசை. தியேட்டரும் பிழைக்க வேண்டும், படமும் நாலு பேரிடம் போய்ச் சேர வேண்டும். மீதிச் செலவுக்கு மக்களிடம் பணம் திரட்டலாமா? ஓடிடி காலத்தில் இதெல்லாம் நிற்குமா? அங்கே இருப்பது 2கே புரொஜெக்டர், அது போதுமா?

க.

அன்புள்ள க.,

ஓடிடி பற்றிப் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது, விடுங்கள். சின்ன அரங்குக்கு 2கே தாராளம்.

பணம் திரட்டலாமா என்றால், திரட்டுங்கள். மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமும் அவருடைய ‘ஒடேசா’ திரைப்படக் குழு நண்பர்களும் கேரளத்தில் ஊர் ஊராகப் போய் மக்களிடம் வசூலித்த காசில்தான் 1986ல் ‘அம்ம அறியான்’ படம் வந்தது. இந்தக் கதையை எல்லோரும் வசூலுக்காகவே சொல்கிறார்கள். அவர்கள் போன இடங்களில் சாப்ளினின் ‘தி கிட்’டைப் போட்டுக் காட்டினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். தங்கள் படத்துக்குக் காசு கேட்கப் போனவர்கள் இன்னொருவர் படத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றைக்கு அதை யார் செய்கிறார்கள்?

கொஞ்ச காலம் முன்பு ஒரு சிறிய அரங்கில், புதுப் பையன்கள் எடுத்த இரண்டு படங்களை அடுத்தடுத்துப் போட்டார்கள். முதல் படத்துக்கு உட்கார இடமில்லை. டைட்டிலில் ஒவ்வொரு பெயருக்கும் விசில். எனக்கு முன்வரிசையில் ஓர் அம்மா மகன் பெயர் வருவதற்காகச் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தார், அழுத்துவதற்குள் பெயர் மேலே போய்விட்டது, பக்கத்தில் இருந்தவரிடம் “மறுபடி போடுவாங்களா?” என்று கேட்டார். அந்த அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. படம் முடிந்து கட்டிப்பிடித்து, போட்டோ எடுத்து, அப்புறம் மொத்தக் கூட்டமும் எழுந்து போய்விட்டது, இயக்குநர் உட்பட. இரண்டாவது படக்குழு வாசலில் ஒதுங்கி அவர்களுக்கு வழிவிட்டது. பாவம் என்று நினைக்காதீர்கள், அவர்களும் முதல் படத்தைப் பார்க்காமல் வெளியேதான் நின்றிருந்தார்கள்.

பார்வையாளர்கள் சுயாதீனப் படங்களைக் கண்டுகொள்வதில்லை என்று என்னிடம் வந்து அழுகிறவர்களில் பாதிப் பேர் இந்த ரகம். அடுத்தவன் படத்துக்கு ஒரு டிக்கெட் எடுக்காதவனுக்கு அந்தப் புகாரைச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது? திறப்பு நாளில் தியேட்டர் வாசலில் செல்ஃபி போட்டீர்களா? போட்டிருப்பீர்கள். அந்த அரங்கைக் காப்பாற்றப்போவது அது இல்லை. செவ்வாய்க்கிழமை மதியக் காட்சிக்கு எட்டுப் பேர் வந்தாலும் இருநூறு பேர் வந்தாலும் கரண்ட் அதேதான், ஆள் சம்பளம் அதேதான். டிக்கெட் காசிலும் பெரிய படம் என்றால் முதல் வாரப் பங்கு பெரும்பாலும் விநியோகஸ்தருக்குப் போய்விடும், தியேட்டர்காரர் இடைவேளைக் கடையை நம்பித்தான் இருப்பார். உங்கள் குழுவில் எத்தனை பேரோ, அத்தனை பேரும் வாரம் ஒரு முறை, கூட்டமில்லாத ஒரு காட்சிக்கு, யார் படமானாலும் போய் உட்காருங்கள். நன்றாக இல்லையென்றால் எடுத்தவரிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நம்ம ஆள் எடுத்தது என்பதற்காகத் தட்டிக்கொடுப்பது அந்தப் படத்துக்கும் நல்லதில்லை, நம்பி டிக்கெட் எடுத்தவருக்கும் நல்லதில்லை.

கோபத்தில் உங்கள் படத்தையே மறந்துவிட்டேன். டிசிபி, அதாவது தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதி, தயாரானதும் காலையில் அரங்கு காலியாக இருக்கும்போது ஒருமுறை முழுதாக ஓட்டிக் கேளுங்கள். ஹெட்போனில் தெளிவாக இருந்த வசனம் அங்கே பின்னணி இசைக்கு அடியில் மூழ்கிப்போகும், பலரும் அதை முதல் காட்சியில்தான் கண்டுபிடிக்கிறார்கள். அந்தப் பிரதியைப் பூட்டி கேடிஎம் என்கிற டிஜிட்டல் சாவி கொடுக்கிற வேலையும் வேண்டாம். அந்தச் சாவி குறிப்பிட்ட சர்வரில், குறிப்பிட்ட நேரத்துக்குள் மட்டும்தான் திறக்கும், காட்சி தள்ளிப்போனால் கூட்டத்தை வைத்துக்கொண்டு முழிக்க வேண்டியதுதான்.

தேதி முடிவானதும் எழுதுங்கள், வருகிறேன். அதற்கு முந்தின வாரம் அங்கே என்ன படம் ஓடியது, உங்களில் யார் யார் பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.