கேஸுக்கு மாறாத காரும் ஆர்.பி.எம். வயரும்

கேள்வி: என்னுடைய நான்கு சிலிண்டர் பெட்ரோல் காருக்கு சி.என்.ஜி. கிட் மாட்டினோம். ஸ்டார்ட் ஆகிறது, கேஸுக்கு மட்டும் மாறமாட்டேன் என்கிறது. இன்ஜின் சுற்றும் வேகத்தை கிட்டின் கேஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ஆர்.பி.எம். வயரை எதில் கொடுப்பது என்று மெக்கானிக்குக்கும் பிடிபடவில்லை. வழி சொல்லுங்க அண்ணே.
– வாசகர், குளச்சல்

பதில்: இன்ஜின் சுற்றுவது கேஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியாத வரை அது கேஸைத் திறக்காது தம்பி, அதனால் மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். உங்கள் காரில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனி காயில் (பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுப்பது), அதில் மூன்று வயர் என்றால் வேலை சுலபம். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், மாடலுக்கு மாடல் மாறும். சாவியை ஆன் செய்து காயிலில் வயர்கள் சேரும் கப்ளரின் பின்பக்கம் மெல்லிய ஊசியைச் செருகி மீட்டரில் பாருங்கள், 12 வோல்ட் காட்டுவது சப்ளை, சாவியை அணைத்துவிட்டு பாடியோடு கன்டினியூட்டி (மின்தொடர்பு) பார்த்தால் பீப் அடிப்பது எர்த், மிச்சமுள்ளதுதான் சிக்னல், ஆர்.பி.எம். வயரை அதில்தான் கொடுக்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு மீட்டரை ஹெர்ட்ஸில் வைத்தால், 800 ஆர்.பி.எம்.மில் அந்த வயர் ஏறக்குறைய 6.7 காட்டும். டெஸ்ட் லாம்பை மட்டும் அதில் வைத்துவிடாதீர்கள், காரின் இன்ஜின் கம்ப்யூட்டரான இ.சி.யு.வுக்கே ஆபத்து.

கேஸ் கம்ப்யூட்டரோடு இணைத்த லேப்டாப்பில் இன்ஜின் வேகம் பாதியாகவோ இரட்டிப்பாகவோ தெரிந்தால் வயர் சரிதான், ஒரு காயிலுக்கு எத்தனை சிலிண்டர் என்ற செட்டிங்தான் தப்பு.

இன்னொன்று, வயரை இணைக்கும்போது வெறுமனே முறுக்கி டேப் சுற்றாதீர்கள். நம்மூர் கடற்கரை உப்புக்காற்றில் செம்பு பச்சை பிடித்துவிடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை) போடுங்கள். ஆர்.சி.யில் எரிபொருள் மாற்றத்தைப் பதியவும் மறக்காதீர்கள்.