தகட்டில் இருக்கும் வருஷம் பெட்டியின் வயசு இல்லை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய இரும்புப் பெட்டி பற்றியவை. எங்கேயோ ஒரு லோடு இறங்கியிருக்கிறது போல.

கேள்வி: கடலூர் முதுநகரில் தாத்தா நடத்திய மண்டியில் இருந்த இரும்புப் பெட்டி எங்கள் பங்குக்கு வந்தது. பித்தளைத் தகட்டில் மில்னர், லிவர்பூல் என்றும், 1840, 1851, 1854 என்று மூன்று வருஷங்களும் இருக்கின்றன. 1840-ல் செய்தது என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
— வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: 1840-ல் செய்த பெட்டியில் 1854 என்று பொறித்தது யார், ஜோசியரா?

பழைய பெட்டி விஷயத்தில் எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் எரிச்சல் இது. தகட்டில் எந்த வருஷத்தைக் கண்டாலும் அதையே பிறந்த வருஷமாக்கி விலை சொல்லிவிடுகிறார்கள். அல்வாக் கடை போர்டில் 'ஆரம்பம் 1932' என்று இருந்தால் தட்டில் இருக்கும் அல்வா 1932-ல் கிண்டியதா? பெட்டித் தகட்டில் இருப்பவை பெரும்பாலும் காப்புரிமை வாங்கிய வருஷம், இல்லை கண்காட்சியில் பதக்கம் வாங்கிய வருஷம். 1840, தாமஸ் மில்னர் தீ தாங்கும் பெட்டிக்குக் காப்புரிமை வாங்கிய வருஷம். இரட்டைச் சுவருக்கு நடுவே படிகாரம் மாதிரியான உப்பை அடைத்துவிடுவார்கள். தீப்பிடித்தால் அது ஈரத்தைக் கக்கும், உள்ளே இருக்கும் பத்திரம் கருகாது. அந்தப் பெருமையைப் பல வருஷம் கழித்துச் செய்த பெட்டியிலும் போட்டுக்கொண்டார்கள். பிரெஞ்சுப் பெட்டிகளில் பாரிஸ் கண்காட்சி வருஷங்களான 1867, 1878, 1889, 1900 வரிசையாக நிற்பதும் இதே கதைதான். எது கடைசி வருஷமோ, பெட்டி அதற்கு முன்னால் செய்ததாக இருக்க முடியாது. எவ்வளவு பின்னால் என்பதை மற்ற அடையாளங்களை வைத்துத்தான் தேட வேண்டும்.

முதலில் கம்பெனியின் பெயரையும் விலாசத்தையும் எழுத்து விடாமல் படியுங்கள். சப் (Chubb) என்ற இங்கிலாந்துக் கம்பெனியின் பெட்டியில் லண்டன் செயின்ட் பால்ஸ் சர்ச்யார்ட் என்று இருந்தால் அது குயின் விக்டோரியா ஸ்ட்ரீட் என்று இருப்பதற்கு மூத்தது. சப் பெயரோடு 'லிமிடெட்' ஒட்டியிருந்தால் 1882-க்கு முன்னால் போகவே போகாது. பாண்டிப் பக்கம் கிடைக்கும் பெட்டிகளில் எஸ்.ஜி.டி.ஜி. என்று நாலு எழுத்து இருக்கும். காப்புரிமை உண்டு, ஆனால் அரசாங்கம் உத்தரவாதம் தரவில்லை என்று அர்த்தம். பிரான்சின் 1844 சட்டத்தில் வந்து 1968 வரை நீடித்தது. அதைக் காட்டி 'நெப்போலியன் காலம்' என்று விற்பவரிடம் நின்று பேசாதீர்கள்.

அப்புறம் உடம்பைப் பாருங்கள். மூலைகளில் கோண இரும்பு வைத்து ரிவெட் அடித்திருந்தால் பழைய முறை. ஒரே தகட்டை வளைத்து மூலை திருப்பியிருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி, இல்லை அதற்கும் பிறகு. பூட்டு மூடியின் திருகுகளில் ஒன்றிரண்டு ஸ்டார் தலை என்றால் யாரோ ரிப்பேரில் மாற்றியிருக்கலாம். எல்லாமே ஸ்டார் என்றால் விற்பவரை மரியாதையாக வழியனுப்புங்கள். அந்தத் தலை 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது.

கிரைண்டர் போட்டுத் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்து, தங்கக் கோடு இழுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் தொட விடாதீர்கள். பழைய பெயின்ட், குத்திய எண், ரிவெட் தலை எல்லாம் அதோடு போச்சு. கடல் காற்றில் துரு வரத்தான் செய்யும். மண்ணெண்ணெய் துணி போதும்.

உங்கள் பெட்டி 1854-லோ அதற்குப் பிறகோ செய்தது. சாவியிலும் பூட்டிலும் எண் குத்தியிருக்கிறதா பாருங்கள். இன்னொன்று, அந்த புரோக்கர் வாங்க வந்தவரா, விற்றுத்தர வந்தவரா? வாங்க வருகிறவர் வயசைக் கூட்டிச் சொல்லி நான் பார்த்ததில்லை.

கேள்வி: சாவி இல்லாத பெட்டி, 300 கிலோ, 12,000 ரூபாய்க்குத் தருகிறார். ஆட்டினால் உள்ளே சத்தம் வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், வில்லியனூர்

பதில்: 300 கிலோவை ஆட்டிப் பார்த்தீர்களா? சத்தம் வந்தது பெட்டியிலா, இடுப்பிலா? வாங்காதீர்கள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். புதுச்சேரியில் ஒரு கடையில் '1890 பிரெஞ்சு இரும்புப் பெட்டி' என்று பில்லிலேயே எழுதி 65,000 ரூபாய் வாங்கினார்கள். தகட்டில் ஃபிஷே-போஷ் என்று இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த உறவினர் ஒருவர் இது அவ்வளவு பழசாக இருக்காது என்கிறார். கடைக்காரர் போனை எடுப்பதில்லை.
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அம்மா, உங்கள் உறவினர் சொன்னது சரி. ஃபிஷே 1825-ல் பாரிஸில் ஆரம்பித்தது. போஷ் 1864-ல் ரான்ஸ் நகரில் ஆரம்பித்த வேறு கம்பெனி. இரண்டும் சேர்ந்தது 1967-ல். இரண்டு பெயரும் கோடு போட்டு ஒட்டியிருக்கும் பெட்டி 1890-ல் இருந்திருக்கவே முடியாது. பில்லில் வருஷத்தை எழுதிக் கொடுத்தார் பாருங்கள், அது உங்களுக்கு அவர் கொடுத்த பெரிய உதவி.

தகட்டையும் பில்லையும் போட்டோ எடுத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கேட்டு முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் புகாரைப் பதிந்துவிடுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கடை பாண்டியில் இருந்தாலும் கடலூர் மாவட்ட ஆணையத்துக்குப் போனால் போதும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை.

வெட்கப்படாதீர்கள். நானும் ஒரு காலத்தில் 28,000 ரூபாய் கொடுத்து 'துய்ப்ளே காலத்துப் பெட்டி' வாங்கினேன். பாண்டியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே 1754-லேயே ஊரைவிட்டுப் போனவர் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், கடையில் நிற்கும்போது ஞாபகம் வரவில்லை. வீட்டில் கதவின் உட்புறத்தைச் சுரண்டினால் மெட்ராஸ் விலாசம், கூடவே ஆறு இலக்கப் பின்கோடு. பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். பெட்டியைவிட நான் மூத்தவன். என்னிடம் பில்லும் இல்லை. அதில் இப்போது கரன்ட் பில் ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

கேள்வி: போட்டோ பார்த்துப் பிடித்துப்போய் போனிலேயே பேசி வாங்கினேன். 450 கிலோவாம். மாடி ஹாலில் ஏற்றியாயிற்று. கீழ்வீட்டுக் கூரையில் கட்டைக்கு நடுவே காரை உதிர்கிறது. பெட்டியில் குறை என்று புகார் செய்யலாமா?
— வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: பெட்டியில் குறை இல்லை. கட்டையும் காரையும் போட்ட மெட்ராஸ் டெரஸ் மாடியில், எடையைக் கேட்காமல், சுவர் ஓரமாகக்கூட வைக்காமல், நட்டநடு ஹாலில் 450 கிலோவை நிறுத்தியிருக்கிறீர்கள். இதற்கு எந்தச் சட்டத்திலும் பரிகாரம் இல்லை. இன்றைக்கே இறக்குங்கள். அதுவரை கீழ்வீட்டுக்காரர்களை அந்த அறையில் படுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கேள்வி: கடலூரில் வாங்கிய பழைய வீட்டின் சுவருக்குள் ஓர் இரும்புப் பெட்டி பதித்திருக்கிறது. முன்பு இருந்தவர்களுக்கே தெரியாதாம். உடைக்கலாமா?
— வாசகர், புதுநகர்

பதில்: வீட்டை விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, சாட்சி வைத்துக்கொண்டு, பூட்டுக்காரரை விட்டுத் திறங்கள். கடப்பாரை வேண்டாம், பூட்டு போனால் பெட்டிக்கும் மதிப்பு போகும். உள்ளே ஏதாவது இருந்தால் புதையல் சட்டம் வருகிறது. 1878-ல் போட்டது. நிலத்திலோ நிலத்தோடு சேர்ந்த கட்டடத்திலோ மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பத்து ரூபாய்க்கு அன்றைக்கு என்ன மதிப்போ, இன்றைக்கு ஒரு டீ.

கேள்வி: பாரிஸில் இருக்கும் அக்கா, எங்கள் கொள்ளுத்தாத்தாவின் பெட்டியைக் கப்பலில் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?
— வாசகி, குருசுக்குப்பம்

பதில்: நூறு வருஷம் தாண்டிய பொருள் 1972 தொல்பொருள் சட்டத்தில் மாட்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. நூறு ஆகவில்லை என்றால் 'இது தொல்பொருள் அல்ல' என்று மத்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். பெட்டியின் வயசைக் குறைத்துச் சொல்ல ஆசைப்படும் முதல் கடிதம் உங்களுடையதுதான்.

கேள்வி: எங்கள் பெட்டி வெறும் கோத்ரெஜ். பழசு என்று சொல்லிக்கொள்ள முடியுமா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: அது என்ன 'வெறும்'? பம்பாயில் 1897-ல் பூட்டு செய்ய ஆரம்பித்த கம்பெனி அது, கொஞ்ச வருஷத்திலேயே இரும்புப் பெட்டிக்கும் வந்துவிட்டது. தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பின்கோடு இருந்தால் சிரமப்பட வேண்டாம்.