ஆப்பிரிக்கக் கிராமங்களில் கிறிஸ்தவ மிஷன்கள் அமைத்த அடிபம்புகள் ஏன் பழுதாகிக் கிடக்கின்றன?

பெரும்பாலும் பராமரிப்புக் குறைதான் காரணம். பம்பு நல்ல பம்பே.

உகாண்டாவில் பரவலாக உள்ள யூ2 பம்பு, நம் நாட்டு அடிபம்பான இந்தியா மார்க் 2-இன் வழிவந்தது. அதன் வேர் மகாராஷ்டிரத்தில், மிஷனரிகளின் கிணற்றுப் பணியில் பிறந்த ஜால்னா, சோலாப்பூர் பம்புகளில் இருக்கிறது. அதற்கு முன் இருந்த, வீட்டுக்கென்று செய்த வார்ப்பிரும்பு பம்புகள் ஊரே அடித்ததில் உடைந்துபோயின. அதனால் கைப்பிடிக்கு ஒரே அச்சு, குழாய்க்குள் இருக்கும் கம்பியை நேராக இழுக்கும் சங்கிலி என்று மாற்றினார்கள். 1970-களில் யூனிசெஃப் துணையோடு அது மார்க் 2 ஆனது. சோதித்துப் பார்த்தது கோவைப் பகுதியில்!

ஆனால் எந்தப் பம்பிலும் வாஷர் தேயும். மார்க் 2-இல் அதை மாற்ற, கிணற்றுக்குள் இருக்கும் குழாய்கள் அத்தனையையும் மேலே தூக்க வேண்டும். தனிக் கருவிகளும் நாலைந்து ஆட்களும் வேண்டும். நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தால் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயே அரித்துவிடும். துருவாடை வீசும் அந்தத் தண்ணீரில் துணி கறைபடும், சமைத்தது கறுக்கும். பெண்கள் குடத்தோடு பழைய ஓடைக்கே திரும்புகிறார்கள், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கும் திரும்புகிறது. எனக்குப் பொறுக்காதது இதுதான்.

காணிக்கை பெரும்பாலும் திறப்பு விழாவோடு தீர்ந்துவிடுகிறது. கொடுப்பதற்கு முன், உதிரிபாகம் எங்கே கிடைக்கும், உள்ளூர் மெக்கானிக்குக் கூலி யார் தருவார்கள் என்று பம்பு அமைக்கும் மிஷனிடம் கேளுங்கள்.