வளைகுடா நாடுகள் ஒரே சந்தை ஆகிவிட்டால் நமக்குப் பலன் உண்டா? சல்வா எல்லையில் நின்ற ஒரு லாரிக்காரனின் பதில்

கேள்வி: சவூதி, கத்தார், அமீரகம் உட்பட ஆறு வளைகுடா நாடுகளும் ஐரோப்பா மாதிரி ஒரே சந்தையாக ஆகிவிடுமா? அப்படி ஆகிவிட்டால் அங்கே வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கு என்ன லாபம்?

கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டில் யாரோ விசாவுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும், அப்படி வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

காகிதத்தில் அவர்கள் எப்போதோ ஒரே சந்தை ஆகிவிட்டார்கள். 1981 மே மாதம் அபுதாபியில் கூடி வளைகுடா ஒத்துழைப்பு மன்றத்தை ஆரம்பித்தார்கள், ஜிசிசி என்கிறோமே அதுதான். 2003ல் சுங்க ஒன்றியம் வந்தது. அதாவது வெளியிலிருந்து வரும் சரக்கு ஆறு நாட்டில் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் பொதுவாக 5 சதவீத வரி, அதை ஒரு தடவை கட்டிவிட்டால் அப்புறம் மற்ற ஐந்து நாட்டுக்கும் வரியில்லாமல் போகலாம். 2008ல் பொதுச் சந்தை என்றும் அறிவித்தார்கள். அந்த நாட்டுக் குடிமக்கள் அடையாள அட்டையைக் காட்டி எல்லை தாண்டுவதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். கொஞ்சம் வேலையும் நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் 2017 ஜூன் 5 அன்று நான் எங்கே நின்றேன் என்று சொன்னால்தான் உங்களுக்கு விஷயம் பிடிபடும்.

சவூதியில் தம்மாமில் ஏழு வருடம் டிரெய்லர் ஓட்டினேன். கடைசி மூன்று வருடம் சரக்கைக் குளிரில் வைக்கும் சில்லர் வண்டி, லபனும் (அங்கத்து மோர்) சீஸும் தயிரும் ஏற்றிக்கொண்டு ஹுஃபூப் வழியாக சல்வா எல்லை, அதைத் தாண்டினால் கத்தார் பக்கம் அபு சம்ரா, அங்கிருந்து தோஹா நூறு கிலோமீட்டர் போல. மாதத்துக்கு எட்டு ஒன்பது டிரிப் கிடைக்கும். அடிப்படைச் சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, டிரிப் காசில்தான் வீடு ஓடியது. இன்னொரு காரணமும் உண்டு. என் மனைவியின் தம்பி தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தான், ஒவ்வொரு டிரிப்பிலும் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வந்து என்னைப் பார்ப்பான், இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

அன்று நோன்பு மாதம், பத்தாவது நாள். அதிகாலையில் எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டிகள் நிற்கின்றன. வழக்கமான வரிசைதான் என்று நினைத்து டீ போட்டோம். அப்புறம் ஒரு பாகிஸ்தானி டிரைவர் போனைக் காட்டினான். சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கத்தாருடன் உறவை முறித்துக்கொண்டதாகச் செய்தி. கத்தாருக்கு இருக்கிற ஒரே தரைவழி அதுதான், அதையும் மூடிவிட்டார்கள். நாங்கள் யாரும் நம்பவில்லை. சின்னச் சண்டை, சாயங்காலம் திறந்துவிடுவார்கள் என்றுதான் பேசிக்கொண்டோம். இரண்டு இரவு அங்கேயே கிடந்தேன். ஜூன் மாத வெயிலில் சில்லர் நின்றால் சரக்கு போச்சு, நிற்காமல் ஓட்டினால் டீசல் போச்சு. எல்லையில் இருந்த சவூதி ஆட்களைக் குறை சொல்ல மாட்டேன், நோன்பு திறக்கும் நேரத்தில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவர்களுக்கே விவரம் தெரியவில்லை. என் கேபினில் மாமியார் ஊரிலிருந்து மச்சானுக்குக் கொடுத்து அனுப்பிய முந்திரிக்கொத்து ஒரு டப்பா இருந்தது. இரண்டாம் நாள் அதையும் பிரித்து வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் காலை வண்டியைத் திருப்பச் சொன்னார்கள்.

கம்பெனியில் முதீர், அதாவது மேனேஜர், என்ன சொன்னார் தெரியுமா? சரக்கு இறங்கவில்லை, அதனால் டிரிப் காசு இல்லை. எல்லையை மூடியது நானா? பெயர் சொல்ல விரும்பவில்லை, பழைய கதை. அந்த வருடம் மகளை நர்சிங் சேர்க்க வட்டிக்குக் கடன் வாங்கினேன், அது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

அந்தப் பக்கம் மச்சான் போனில் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. முதல் இரண்டு நாள் கடைகளில் பால், கோழி எல்லாம் காலி. அப்புறம் துருக்கியிலிருந்து விமானத்தில் பால் வந்தது, ஈரானிலிருந்து காய்கறி வந்தது, கப்பல்கள் துபாயை விட்டுவிட்டு ஓமனின் சோஹார், சலாலா வழியாக வர ஆரம்பித்தன. கொஞ்ச நாளில் மாடுகளையே விமானத்தில் கொண்டுவந்து பண்ணை வைத்துவிட்டார்கள். நான் லபன் ஏற்றிப்போன சந்தை அப்படியே கையை விட்டுப் போனது. மறுபடி திறந்தாலும் அந்தச் சந்தை பழைய மாதிரி வராது என்று எனக்கு அப்போதே தோன்றியது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாரியை நிறுத்தினார்கள், விமானத்தை நிறுத்தினார்கள், கத்தார்க்காரர்களின் ஒட்டகங்களைக்கூடத் திருப்பி அனுப்பினார்கள். ஆனால் கத்தாரின் ராஸ் லஃபானிலிருந்து கடலுக்கு அடியில் அமீரகத்துக்கும் அங்கிருந்து ஓமனுக்கும் போகும் டால்ஃபின் எரிவாயுக் குழாயை மட்டும் இரண்டு தரப்பும் தொடவில்லை. தினமும் சுமார் 200 கோடி கன அடி வாயு, மூன்றரை வருடமும் ஓடியது. மூடினால் அமீரகத்தில் மின்சாரம் சிக்கலாகும், கத்தாருக்கு வாடிக்கையாளர் போவார். என்னைப் பொறுத்தவரை உண்மையான ஒருங்கிணைப்பு அதுதான். அறுத்தால் இரண்டு பேருக்கும் வலிக்கும் இடத்தில்தான் அது நிற்கிறது. லாரி டிரைவர் நின்றால் எந்த அரசாங்கத்துக்கும் வலிக்காது.

ஏன் இவர்களால் ஐரோப்பா மாதிரி நெருங்க முடியவில்லை என்றால், ஆறு பேரும் விற்பது முக்கியமாக எண்ணெயும் வாயுவும்தான், நம்ம கடப்புறத்தை நினைத்துப் பாருங்கள். ஆறு வள்ளமும் சாளையோடு கரையேறினால் ஒரு வள்ளத்துக்காரர் இன்னொருவரிடம் மீன் வாங்க மாட்டார். விலை விழாமல் இருக்கக் கூடிப் பேசலாம், அவ்வளவுதான். எண்ணெய் நாடுகள் அப்படிக் கூடிப் பேசும் ஒபெக் அமைப்பில்கூட ஓமனும் பஹ்ரைனும் கிடையாது, கத்தார் 2019 ஜனவரியில் வெளியே வந்துவிட்டது. பொது நாணயம் கொண்டுவருவோம் என்றார்கள், ஓமன் முதலிலேயே விலகியது, மத்திய வங்கி ரியாத்தில் என்று முடிவானதும் 2009ல் அமீரகமும் விலகியது. 2021ல் சவூதி, அமீரகத்து ஜெபல் அலி போன்ற தீர்வையில்லா மண்டலங்களில் செய்த பொருளுக்கு அந்த வரிச்சலுகை இல்லை என்று விதியையே மாற்றியது. ஆறு நாட்டையும் இணைக்கும் ரயில் 2018ல் ஓடும் என்றார்கள், இப்போது 2030 என்கிறார்கள்.

இன்னொன்று, எனக்கு மறக்கவே மறக்காது. சல்வா மூடிய அடுத்த மாதம், 2017 ஜூலை 1ல் இங்கே ஜிஎஸ்டி வந்தது. களியக்காவிளை தாண்டி கேரளப் பக்கம் அமரவிளை செக்போஸ்டில் வாழைக்குலை லாரியோடு ராத்திரி முழுக்கக் கிடந்தவன் நான், வெளிநாடு போவதற்கு முன்னால். அந்த வணிகவரி வரிசை அத்தோடு போனது. அங்கே சகோதர நாடுகள் என்று சொல்லிக்கொண்டவர்கள் கதவைச் சாத்திய நேரத்தில் இங்கே கதவு திறந்தது. ஜிஎஸ்டியைப் பற்றிச் சண்டை போட இங்கே வராதீர்கள், லாரிக்காரனாக நான் கண்டதைச் சொல்கிறேன்.    

அந்த நாட்டு உப்பைத் தின்றுவிட்டுக் குறை சொல்கிறான் என்று யாராவது எழுதுவீர்கள். அந்த உப்பில்தான் என் வீடு நிற்கிறது, அந்த மக்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 2021 ஜனவரியில் சவூதியின் அல் உலாவில் சமாதானம் ஆகிவிட்டதே என்றும் சொல்வீர்கள். ஆனது, எனக்கும் சந்தோஷம்தான். குவைத் அமீர் சபாஹ் கடைசிவரை நடுவில் நின்று பேசிப் பார்த்தார், அதைப் பார்க்காமலே 2020ல் போய்விட்டார். எல்லை திறந்த அன்று மச்சான் தோஹாவிலிருந்து போன் செய்தான், "அத்தான், சல்வா தொறந்தாச்சு" என்று. நான் மார்த்தாண்டம் சந்தையில் குலை இறக்கிக்கொண்டிருந்தேன்.

கடலில் போகிறவர்கள் நிலை இதைவிட மோசம். பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் நடுவில் ஹவார் தீவு வழக்கில் 2001ல் சர்வதேச நீதிமன்றம் கடல் எல்லைக் கோடு போட்டுவிட்டது. அந்தக் கோடு தண்ணீரில் தெரியாது. பஹ்ரைன் முதலாளி படகில் போகும் குளச்சல், முட்டம் பக்கத்துப் பையன்களைக் கத்தார் கடலோரக் காவல் பலமுறை பிடித்திருக்கிறது. சரக்குக்கு ஒரே சந்தை, மீன்பிடிக்கிற தமிழனுக்கு இரண்டு நாடு.

ஆகவே உங்கள் வீட்டுப் பிள்ளை போகிறான் என்றால், இக்காமா, அதாவது தங்கி வேலை செய்யும் அனுமதி, எந்த நாட்டில் அடிக்கிறார்களோ அந்த நாடு மட்டும்தான் அவனுக்கு. "மூன்று நாட்டுக்கும் ஓட்டம் உண்டு, நல்ல காசு" என்று ஏஜென்ட் சொன்னால் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். எல்லையில் வண்டி நின்றுபோனால் டிரிப் காசு உண்டா, அதை ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்களா என்றும் கேளுங்கள். நான் கேட்கவில்லை.