மழையில் ஹேமக் (இரு மரங்களுக்கிடையே கட்டும் தொங்கு படுக்கை) கட்டித் தூங்கும்போது, நம்மைச் சுற்றி மூடிக்கொள்ளும் 'மூச்சுவிடும்' நீர்புகா உறையின் உட்புறம் நனைவது ஏன்?

மழைநீரைத் தடுத்து, உடம்பிலிருந்து கிளம்பும் நீராவியை மட்டும் வெளியே விடும் துணிதான் இந்த உறை. கோர்-டெக்ஸ் துணி இதில் பிரபலம். 1969-ல் அமெரிக்க வேதிப் பொறியாளர் பாப் கோர், சூடாக்கிய டெஃப்லானை வெடுக்கென்று இழுத்தபோது கிடைத்த நுண்துளைப் பொருளே அதன் அடிப்படை. அந்தத் துளைகளில் நீர்த்துளி நுழையாது, ஆவி தாராளமாகப் போகும்.

ஆனால் ஆவி சும்மா வெளியேறாது. உள்ளே ஈரமும் சூடும் அதிகம், வெளியே குறைவு என்ற வித்தியாசம்தான் அதைத் தள்ளுகிறது. அடைமழையில் வெளிக்காற்றே ஈரம் கோத்துக் கிடக்கும்; தள்ளும் விசை குறைந்துவிடும். துணியின் மேற்பரப்பு ஊறிப்போனால் இன்னும் மோசம். சுடுசோற்றை டிபன் பாக்ஸில் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்க்குமே, அதேதான்: குளிர்ந்த உறையில் மூச்சுக்காற்று பட்டு நீராகிறது.

ஆகவே முகத்தருகே திறப்பு விடுங்கள். மழையைத் தாங்க மேலே தனியாகத் தார்ப்பாய் கட்டுங்கள். உறை சாரலுக்கும் காற்றுக்கும்தான். (மரத்தில் கட்டிய கயிறு வழியாகவும் தண்ணீர் இறங்கும். அதில் ஒரு நூல்துண்டைத் தொங்கவிட்டால் அங்கேயே சொட்டிவிடும்.)

உள்ளே ஈரத்தைப் பார்த்ததும் உறை ஒழுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது அவர்கள் விட்ட மூச்சுதான்.