தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பா காதல் கதையின் நாயகனாக வந்தால் ஏன் இவ்வளவு பிடித்துப்போகிறது?

கேள்வி: சிற்றூரில் நடக்கும் காதல் நாவல்களில், மனைவியை இழந்து தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பா நாயகனாக வந்தால் வாசகர்கள் உருகிவிடுகிறார்கள். அப்படி ஒரு நாவல் எழுத நினைக்கிறேன். அது நம்பக்கூடிய பாத்திரம்தானா?

நம்பலாம். என்னை வளர்த்தவர் அப்படி ஒருவர்தான். எனக்கு ஐந்து வயதில் அம்மா இறந்துபோனார். பத்து வயதில் அப்பா மறுமணம் செய்துகொண்டார். இடையில் இருந்த ஐந்து ஆண்டுகள் அப்பாவும் நானும் மட்டும். அதனால் இந்த வகை நாவல் எது கையில் கிடைத்தாலும், அதில் அந்த மனிதர் இருக்கிறாரா என்று தேடிக்கொண்டேதான் படிக்கிறேன். பெரும்பாலும் பாதி மனிதர்தான் கிடைக்கிறார்.

முதலில், ஏன் பிடிக்கிறது என்பதற்கு என் பதில். வழக்கமான காதல் நாயகன், தன்னால் ஒருவரை நிலையாக நேசிக்க முடியும் என்று கதை முழுவதும் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இவரோ அதை நிரூபித்துவிட்டுத்தான் முதல் அத்தியாயத்துக்குள்ளேயே வருகிறார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தபடி விடியும்வரை விழித்திருப்பவர், பாதியில் விட்டுப் போகமாட்டார் என்பது நாயகிக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஆகவே 'இவர் நேசிப்பாரா' என்ற கேள்விக்கே அங்கு வேலையில்லை. அவருடைய நாளிலும் மனத்திலும் இன்னொருவருக்கு இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. கதையை அதுவே நடத்திச் செல்ல வேண்டும்.

பாதி மனிதர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மகளுக்குத் தலை பின்னத் தெரியாமல் அப்பா திண்டாடும் காட்சி பல நாவல்களில் வருகிறது. அதைப் பார்த்து நாயகி மனம் இளகுகிறாள். உண்மையில் அந்தத் திண்டாட்டம் சில வாரங்களில் முடிந்துவிடும். என் நினைவில் இருக்கும் அப்பா, ரப்பர் பேண்டை உதட்டில் கவ்விக்கொண்டு, கண் கடிகாரத்தில் இருக்க, விரல்கள் தாமாகவே பின்னலை முடிப்பவர். அன்று முதல்முறை பின்னிய பின்னலை நான் மறந்துவிட்டேன். நூறாவது பின்னலில் இருந்த அந்தக் கைப்பழக்கம் மறக்கவில்லை. அதை எழுதுங்கள்.

இந்தப் பாத்திரம் இன்று நேற்று வந்ததல்ல. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் எலியட் 1861இல் எழுதிய 'சைலஸ் மார்னர்' நாவலில், சேர்த்துவைத்த பொற்காசுகளைத் திருட்டுக் கொடுத்த தனிமரமான நெசவாளி ஒருவர், தன் குடிசைக்குள் நடந்து வந்துவிட்ட, தாயை இழந்த குழந்தையை வளர்க்கிறார். வேலை நேரத்தில் குழந்தை வெளியே ஓடிவிடாதபடி ஒரு நீளத் துணியால் தறியோடு கட்டிவைப்பார். அவளோ ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்துத் துணியை வெட்டிவிட்டு ஓடிவிடுவாள். அந்த இடத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. அவர் திருமணமே செய்துகொள்வதில்லை, அது காதல் கதையும் இல்லை. ஆனாலும் பதினைந்து ஆண்டுகளாக யாரோடும் ஒட்டாமல் இருந்தவரை ஊரோடு சேர்த்தது அந்தக் குழந்தைதான். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஊர்ப்பெண் ஒருவர் வந்து கற்றுக்கொடுக்கிறார், கதவு திறக்கிறது. சிற்றூர் இப்படி ஒரு தகப்பனைத் தாங்கிப் பிடிக்கும்.

அதே சிற்றூரில் எதையும் மறைக்கவும் முடியாது. இதைத்தான் எழுத்தாளர்கள் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்பது என் ஆதங்கம். வம்பு பேசும் கிழவிகளைக் காட்டிச் சிரிக்க வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த வம்பு முதலில் போய்ச் சேரும் இடம் பிள்ளையின் காது. என் அப்பாவின் திருமணப் பேச்சை எனக்குச் சொன்னது கூடப் படித்த ஒரு பெண். அப்பா இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எல்லாம் உறுதியான பிறகு சொல்லலாம் என்று இருந்திருக்கிறார். நான் மூன்று நாட்கள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் இரவு கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். எந்தச் சமாதானமும் சொல்லவில்லை. "உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்" என்றார். எதற்கும் அஞ்சாதவர் என்று நான் நினைத்திருந்த அப்பா!

உங்கள் நாயகன் நாயகியிடம் காதலைச் சொல்லும் காட்சியை எல்லோரும் எழுதுவார்கள். அதற்கு முன்பு பிள்ளையிடம் அவர் பேசும் காட்சியை எழுதுங்கள். அதில் அவர் தடுமாறட்டும்.

பிள்ளையைத் தூதுவராக்கிவிடாதீர்கள் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். ஜெர்மன் எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னரின் 1949 நாவலிலிருந்து 1965இல் வந்த 'குழந்தையும் தெய்வமும்' திரைப்படம் வரை பிள்ளைகள் பெரியவர்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், நாமும் மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் அங்கே சேர்ந்தவர்கள் பெற்றவர்கள். புதிதாக ஒரு பெண் வீட்டுக்குள் வரும்போது பிள்ளை அம்மாவின் இடத்துக்குக் காவல் நிற்கும். நான் நின்றேன். அம்மாவின் புடவைகள் இருந்த அலமாரிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினேன். இறந்துபோன மனைவியைக் குறைத்துக் காட்டி நாயகியை உயர்த்தும் நாவல்களை, அந்த இடத்திலேயே மூடிவைத்துவிடுகிறேன்.

நாயகி எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். சித்தி வந்த முதல் வாரத்தில் ஒருநாள் காலையில், எனக்குத் தலை வாரச் சீப்பை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சீப்பை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து என் பள்ளிக்கூடப் பையை அடுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகும் பல மாதங்கள் அப்பாதான் பின்னினார்.

ஒரு காலையில் நானே சீப்பை எடுத்துக்கொண்டு சித்தியிடம் போனேன்.